ஆத்மநாதன் கை வைத்த நூல்

புதுக்கோட்டையில் ஓர் ஆண்பிள்ளை, "லாட்ஜுக்குப் போயிட்டு வாரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினால் அவனுக்கு மிஞ்சுகிற மரியாதை கொஞ்சம்தான். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கிற லாட்ஜுகள் வாங்கி வைத்திருக்கும் பெயர் அப்படி. நான் பதினெட்டு வருடமாக, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலையில், கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அப்படித்தான் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். முதல் இரண்டு வருடம் என் மனைவி செவந்தி, நான் திரும்பி வந்ததும் சட்டையை மோந்து பார்த்தாள். நாப்தலின் உருண்டை வாசனையைத் தவிர வேறொன்றும் வராததால் அப்புறம் விட்டுவிட்டாள்.

நீங்கள் மூவரும் மேலிடத்து விசாரணைக் குழுவாகச் சென்னையிலிருந்து ரயிலேறி வந்து, நம்முடைய கூடத்திலேயே என்னை உட்காரவைத்து, "நடந்ததை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிரதர்" என்று மரியாதையாகக் கேட்டீர்கள். எழுதுகிறேன். நம் பதிவேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தாலும் இதை மட்டும் தமிழில் எழுத அனுமதி வாங்கிக்கொண்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் நான் இருக்கிறதைவிடக் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்துவிடுவேன். உண்மை என்று வந்த பிறகு அந்தச் சலுகையும் எனக்கு வேண்டாம்.

பெயர் குணசேகரன். வயது அறுபத்து மூன்று. விராலிமலைப் பக்கம் எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நிலம் உண்டு. வருவாய்த்துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். இந்தச் சத்தியதீபம் லாட்ஜுக்குப் பதினோரு வருடமாக நான்தான் செயலாளர். பதிவேடுகள் இருக்கும் பீரோவின் சாவி என்னிடம் மட்டுமே இருக்கிறது. வேறு யார் கைக்கும் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைவர் ரெங்கசாமி மேல் உங்களுக்கு விழுந்திருக்கிற சந்தேகம் இத்தோடு தீரும்.

நாளைக்கு இந்தத் தாளை வெளியாள் யாராவது படிக்கக்கூடும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். எங்கள் லாட்ஜ் தங்கும் விடுதி இல்லை, ஃப்ரீமேசன் என்கிற சகோதரச் சங்கத்தின் கிளை. ஃப்ரீமேசன் என்றால் ஊரில் பலருக்குப் பயம். மண்டை ஓட்டை நடுவில் வைத்துப் பூசை செய்கிறோம், கதவைச் சாத்திக்கொண்டு யாரையோ கவிழ்க்கத் திட்டம் போடுகிறோம் என்றெல்லாம் பேசுவார்கள். உள்ளே நாங்கள் இருபத்தாறு பேர். அரிசி மண்டிக்காரர், பல் டாக்டர், கல்லூரி வாத்தியார், பஹ்ரைனில் இருந்துவிட்டுத் திரும்பியவர் என்று கலந்து கட்டியாக இருப்போம். ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைக்க வேண்டும். கூடத்துக்குள் மதம் பேசக்கூடாது, அரசியல் பேசக்கூடாது. கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பவேண்டும், அவர் பெயர் என்ன என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. அன்பு, உதவி, உண்மை என்று மூன்று சொற்கள் எங்களுக்கு அடிப்படை. மூன்றில் எனக்குக் கடைசிச் சொல்தான் பிடிக்கும். முதல் இரண்டும் ஆளுக்கு ஆள் மாறக்கூடியவை.

கூடத்தின் நடுவில் ஒரு மேசை உண்டு. கூட்டம் தொடங்குமுன் அதன்மேல் ஐந்து வேதநூல்களைத் திறந்து வைப்போம். கீதை, பைபிள், குர்ஆன், சீக்கியர்களின் கிரந்த சாகிப், பௌத்தர்களின் தம்மபதம். பட்டுத் துணியில் சுற்றி பீரோவிலிருந்து எடுத்து வருவதும், பிரித்து வைப்பதும், முடிந்ததும் துடைத்து உள்ளே வைப்பதும் என் வேலை. எந்த நூலையும் இன்னொரு நூலின்மேல் அடுக்கமாட்டேன். மேலே கீழே என்கிற பேச்சே வரக்கூடாது என்று பீரோவில் ஐந்துக்கும் தனித்தனித் தட்டு அடித்து வைத்திருக்கிறேன். தச்சர் செலவு என் சொந்தப் பொறுப்பு. என்னை மதவெறியன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அந்தத் தட்டுகளை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

புதிதாகச் சேருகிறவர் தன் மதத்து நூலின்மேல் கை வைத்து உறுதிமொழி எடுக்கவேண்டும். எந்த நூல் என்பதை வேறு லாட்ஜுகளில் எழுதி வைப்பதில்லை என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். நான் எழுதுவேன். நாள், நேரம், பெயர், நூல், சாட்சி. அலுவலகப் பழக்கம். எழுதாத விஷயம் நடக்காத விஷயம் என்றே எனக்கு மனதில் பதிந்துபோயிருக்கிறது.

டாக்டர் ஆத்மநாதனை எட்டு வருடத்துக்கு முன்னால் இங்கே கூட்டிவந்தவன் நான். அவர் கால்நடை மருத்துவர், அரசாங்க உத்தியோகம், சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. எங்கள் தோட்டத்தில் ஒரு பசு கன்று போடமுடியாமல் இரண்டு நாள் தவித்தது. மூன்று பேருக்குப் போன் போட்டேன். கொட்டுகிற மழையில், மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர் அவர் ஒருவர்தான். தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டு, கன்றின் காலைத் திருப்பி, முக்கால் மணி நேரம் போராடி வெளியே எடுத்தார். பசுவும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. அவர் தன் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்ததை நான் கவனித்தேன்.

செவந்தி காபி போட்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்ப் பேப்பர் கப்பில் மாற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் பேப்பர் கப் எப்போதும் ஒரு கட்டு இருக்கும், சுத்தம் என்பதற்காக. அவர் போனபிறகு செவந்தி, "அந்த மனுசன் கையெல்லாம் ரத்தமா நின்னாருங்க. ஒரு டம்ளர்ல குடுத்திருந்தா நாம என்ன கொறஞ்சா போயிருவோம்?" என்று கேட்டாள். படிக்காதவளிடம் சுகாதாரத்தைப் பற்றி விளக்குவது கஷ்டம்.

அப்படிப்பட்ட ஒருவர் நம்முடைய சகோதரராக இருக்கவேண்டும் என்று எனக்கே தோன்றியது. நானே முன்மொழிந்தேன். அன்றைக்கு என் மனசு எவ்வளவு விசாலமாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.

சேர்க்கைக்கு ஒரு வாரம் முன்பு, எந்த நூல் வைக்கட்டும் என்று அவரிடம் கேட்டேன். "எதை வேணும்னாலும் வைங்க சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் ஒன்று என்று சொல்லுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது என் முப்பத்து நான்கு வருட அனுபவம். நம்பாத நூலில் கைவைத்துச் செய்கிற சத்தியம் செல்லாது, அது முதல் படியிலேயே பொய் ஆகிவிடும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். இங்கே பேசுவது இந்தச் சுவரைத் தாண்டாது என்றும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்ப பைபிள் வைங்க சார். எங்கம்மா எனக்கு அஞ்சு வயசுல மூளைக்காய்ச்சல் வந்தப்ப ஜெபக்கூடத்துல கொண்டுபோய்ப் போட்டுச்சு. அதுலேருந்து மனசு அங்கிட்டுத்தான் போகுது. ஞானஸ்நானமெல்லாம் எடுக்கல. வெளிய சொல்லிக்கிட்டதும் இல்ல. ஒங்ககிட்டதான் மொதமொதல்ல சொல்றேன்."

சேர்க்கை நாளன்று மாலை அவர் பைபிளின்மேல் கை வைத்தார். அவர் கை ஒருமுறை பின்வாங்கிவிட்டு மறுபடி வந்து அமர்ந்ததையும் நான் பார்த்தேன். பதிவேட்டில் என் கையால் எழுதினேன்.

அதற்கு ஏன் தயங்கவேண்டும் என்று வெளியாள் கேட்பார். அவருக்கு அரசாங்க வேலை கிடைத்தது தாழ்த்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டில். சட்டம் என்ன சொல்கிறது என்றால், அந்தச் சான்றிதழ் இந்துவுக்கு உண்டு, சீக்கியருக்கு உண்டு, பௌத்தருக்கு உண்டு. கிறித்தவராகிவிட்டால் கிடையாது, முஸ்லிமாகிவிட்டால் கிடையாது. அவர் பிறந்த தெரு அதேதான், அந்தத் தெருவை ஊர் பார்க்கிற பார்வையும் அதேதான், கும்பிடுகிற சாமி மாறினால் காகிதம் செல்லாது. எங்கள் மேசையில் சமமாக இருக்கிற ஐந்து நூல்களில் மூன்றின்மேல் கை வைத்தால் அவருக்கு உத்தியோகம் உண்டு, இரண்டின்மேல் வைத்தால் இல்லை. இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். வட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்று மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் கேட்டீர்களா என்று நேற்று உங்களில் இளையவர் கேட்டார். அன்றைக்கு எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. தெரிந்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஏழு வருடம் எந்தத் தகராறும் இல்லை. சடங்கு வசனங்களை யாரைவிடவும் நன்றாக மனப்பாடமாகச் சொன்னார். அவர் உட்காருகிற இடத்துக்கும் என் மேசைக்கும் நடுவில் பதினைந்தடி. கூட்டம் முடிந்து நடக்கும் விருந்தில் யார் எங்கே உட்காருவது என்று சீட்டு எழுதி வைப்பவன் நான்தான் என்பதால் அங்கேயும் சிரமம் வந்ததில்லை. அவர் வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அவர் மகள் கலைமதி மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கியபோது ஒரு முறை. இரண்டு தடவையும், சர்க்கரை இருக்கிறது, வெளியே எதுவும் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை இல்லை. ஒருவர் மனம் நோகக்கூடாது என்று சொல்வதைப் பொய்யில் சேர்க்கமுடியாது.

போன வருடம் அவர் சீனியர் வார்டன் ஆனார். அதாவது அடுத்த தலைவர் அவர்தான். அந்தச் சமயத்தில்தான் எனக்கு உண்மையைப் பற்றிய கவலை வந்தது.

கவலை வந்தால் நான் சும்மா இருக்கிறவன் இல்லை. அவருடைய ஜெபக்கூடம் ஆலங்குடி சாலையில் ஒரு தகரக் கொட்டகை. எதிரே டீக்கடை. பதினொரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு ஞாயிறு வந்தார். மற்றவர்கள் வாசல் வழியாகப் போனார்கள். அவர் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பின்பக்கமாக நுழைந்தார். ஒளிந்து போகிற மனிதனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். நேரத்தைக் குறித்து வைத்தேன். ஆயுத பூசையன்று அவருடைய ஆஸ்பத்திரிக்கு ஒரு காரணம் சொல்லிப் போனேன். நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு ஊசிப் பெட்டிக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். அதைப் போனில் படம் எடுத்தேன். இரண்டில் ஏதோ ஒன்று பொய். நான் மதத்தைக் குறை சொல்லவில்லை. அவர் கிறித்தவராகவே இருந்தாலும் எனக்குச் சந்தோஷம், இந்துவாக இருந்தாலும் சந்தோஷம். இரண்டாகவும் இருக்கிறாரே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சகோதரனின் ரகசியத்தைக் காக்கவேண்டும் என்பது நம் உறுதிமொழி. சட்டத்துக்கு விரோதமானதைக் காக்கவேண்டியதில்லை என்றும் அதிலேயே ஒரு விலக்கு உண்டு. அதை நாலைந்து முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அது தெளிவாகவே இருந்தது.

அக்டோபரில் தேர்தல். ஆத்மநாதனை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம். நானும் அவருக்குத்தான் வாக்குப் போட்டேன், சகோதரத்துவம் வேறு, கடமை வேறு. ஜனவரியில் பதவியேற்பு என்று முடிவானது. அந்த வாரமே, அவருடைய சான்று செல்லாது என்று ஒரு மனு எழுதி, சாதிச் சான்று சரிபார்க்கும் குழுவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

பேர் இல்லாத மொட்டைக் கடுதாசியை எந்த அலுவலகத்திலும் மதிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பெயரும் விலாசமும் வேண்டும். வல்லத்திராக்கோட்டையில் ஆத்மநாதனின் பங்காளி ஒருவர் இருக்கிறார், சின்னப்பிள்ளை என்று பெயர். இரண்டு வீட்டுக்கும் ஒரு சந்துப் பாதையில் பழைய சண்டை. அதனால் அவர் பெயரில் அனுப்பினேன். குழுவிலிருந்து கூப்பிட்டபோது அந்த மனிதர் தான் எழுதவே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். சண்டைக்காரன் மறுப்பதை யார் நம்புவார்கள். ஆத்மநாதனும் நம்பவில்லை. அந்தத் தெருவில் இப்போதும் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர்கள் ஏற்கெனவே பேசிக்கொள்ளாதவர்கள்.

டிசம்பரில் அவருக்கு நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் நேரே என்னிடம்தான் வந்தார். ஊரிலேயே அந்தச் சட்டம் தெரிந்த சகோதரர் நான்தானே. எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, "சார், நான் பாட்டுக்குக் கெடக்கேன். பொண்ணு நாலாவது வருசம் படிக்கிது சார். அது சீட்டும் இந்தச் சர்ட்டிபிகேட்டுலதான். எனக்கு வேல போனாப் போகட்டும், அதுக்கு ஒண்ணும் ஆயிறக்கூடாது" என்றார். நான் அவருக்குப் பதில் மனு எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. ஞானஸ்நானப் பதிவு எந்தத் தேவாலயத்திலும் இல்லை, பெயர் இந்துப் பெயர், கல்யாணம் கோவிலில் நடந்தது, வேறு ஆதாரம் எதுவும் இல்லை என்று வரிசையாக எழுதினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் போனதும் கையைக் கழுவினேன். கால்நடைகளைத் தொடுகிறவர் என்பதால் அது என் வழக்கம்.

என் மனு நன்றாகவே வேலை செய்தது. குழு அவர் பக்கம் சாய்வதாகப் பழைய சிநேகிதர் ஒருவர் மூலம் எனக்குச் சேதி வந்தது. பதவியேற்பைப் பிப்ரவரிக்குத் தள்ளி வைத்திருந்தோம். ரெங்கசாமி எல்லோருக்கும் போன் போட்டு, "நம்ம டாக்டருக்கு நல்லபடியா முடியப் போகுதுங்க, அழைப்பிதழ் அடிச்சுரலாம்" என்று குதூகலமாகச் சொன்னார்.

அன்று மாலை பீரோவைத் திறந்தேன். எட்டு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டின் அந்தப் பக்கத்தை, கீழராஜ வீதியில் ஒரு கடையில் நகல் எடுத்தேன். கடைக்காரர் ஒரு பிரதியா இரண்டு பிரதியா என்று கேட்டார். ஒன்று போதும் என்றேன். அதே சின்னப்பிள்ளை பெயரில் அதையும் தபாலில் சேர்த்தேன். நீங்கள் விசாரிக்க வந்த கேள்விக்கு இதுதான் பதில்.

அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு குழு எதுவும் செய்திருக்க முடியாது. அது ஒரு தனியார் சங்கத்தின் குறிப்பு, நகல் வேறு. "அதில் என் கையெழுத்து இல்லை, எங்கிருந்தோ வந்தது" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விசாரணையில் அவரிடம், "பைபிளின்மேல் கை வைத்து உறுதிமொழி எடுத்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர், "ஆமாங்க" என்றிருக்கிறார். வெளியே வந்தபிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ரெங்கசாமி சத்தம் போட்டதற்கு, "அதுமேல கை வச்சுச் சொன்னத, வைக்கவே இல்லன்னு எப்புடிண்ணே சொல்றது?" என்றாராம். இதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. லாட்ஜின் மூன்றாவது சொல்லை அவர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தார். "அது ஒங்க கையெழுத்துதான் சார். ஆனா நீங்க அனுப்பிருக்க மாட்டீங்க. யாருக்கோ பீரோச் சாவி கெடச்சிருக்கு" என்றார். ரெங்கசாமியிடம் எப்போதோ சாவி கொடுத்ததாக ஞாபகம் என்று நான் சொன்னேன். அப்படிக் கொடுத்ததில்லை. அவர் எழுந்து போனார். செவந்தி அன்றைக்கு அவருக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்திருந்தாள். நான் அதைத் தடுக்கவில்லை. மறுநாள் அந்த டம்ளரைத் தோட்டத்து ஆளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரலில் சான்றிதழ் ரத்து. பத்து நாளில் பணிநீக்கம். மே மாதம் கலைமதியின் கல்லூரியிலிருந்து, உங்கள் இடத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கடிதம் வந்தது. அது வந்து மூன்றாம் நாள் மத்தியானம், மாடு குளிப்பாட்டப் போனவர்கள் வல்லத்திராக்கோட்டைக் கண்மாயில் அவரைக் கண்டெடுத்தார்கள். செருப்பையும் கைக்கடிகாரத்தையும் கரையில் ஒழுங்காக வைத்திருந்தாராம்.

அடக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது. கல்லறைத் தோட்டத்துக்காரர்கள் எங்கள் பதிவில் இவர் பெயரே இல்லை என்றார்கள். தெருக்காரர்கள், கிறித்தவர் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது, எங்கள் சுடுகாட்டில் எப்படி என்று தயங்கினார்கள். உடல் வீட்டு வாசலிலேயே வெயிலில் நாலு மணி நேரம் கிடந்தது. அவர் கிறித்தவர் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்து என்னுடைய பதிவேட்டில் இருந்ததுதான். கடைசியில் அவருடைய சொந்த நிலத்தின் ஓரத்தில் குழி வெட்டினார்கள். நான் ஐந்து நூல்களையும் காரில் கொண்டுபோயிருந்தேன். தனித்தனித் துணி விரித்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு வரி படிக்க ஏற்பாடு செய்தேன். எல்லோரும் அழுதார்கள். இப்படி ஓர் அமைப்பு இருக்கிறதா என்று ஊர்க்காரர்கள் வியந்ததை என் காதால் கேட்டேன்.

கலைமதி மட்டும் அழவில்லை. குழி மூடியபிறகு என் எதிரே வந்து நின்று, "அந்தப் பக்கத்த அனுப்புனது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா அங்கிள்?" என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். துக்க வீட்டில் வேறெதைச் சொல்வது. அவள் எழுதிய கடிதம்தான் உங்களை இங்கே கொண்டுவந்திருக்கிறது. அவளுடைய வழக்கு நிலுவையில் இருக்கிறது. இந்தத் தாள் அவளுக்கு எந்த விதத்திலாவது உதவுமானால் நகல் கொடுத்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்களில் மூத்தவர், பதவியேற்பு நடந்திருந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். நஷ்டம் ஒன்றும் இல்லை. சடங்கு உங்களுக்கே தெரியும். புதிய தலைவர் கிழக்கே உள்ள நாற்காலியில் உட்காருவார். பொறுப்பாளர்கள் ஒவ்வொருவராக அவர்முன் போகவேண்டும். அவர் நீலப் பட்டையைத் தன் இரண்டு கையாலும் எடுத்து நம் கழுத்தில் மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கி, இன்ன வேலையை இன்னபடி செய் என்று புத்தி சொல்வார். தலையைக் குனிந்தால்தான் பட்டை கழுத்தில் ஏறும். எங்கள் தெருவில் யாருக்கு இது நடந்தாலும் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. ஆனால் நான் மனுவில் அதையெல்லாம் எழுதவில்லை. உண்மையை மட்டும்தான் எழுதினேன்.

மனுவின் நகலைக் கொண்டுவந்து என்முன் வைத்தீர்கள். ஆறு பக்கம். மதத்தைப் பற்றி இருப்பது ஒன்றரைப் பக்கம்தான், மிச்சம் நாலரைப் பக்கமும் அவர் பிறந்த தெருவையும், அவர் தகப்பனார் செய்த வேலையையும், அவர் ஆத்தா யார் வீட்டு வாசலில் நின்று கூழ் வாங்கினாள் என்பதையும் பற்றி இருக்கிறதே, ஏன் என்று கேட்டீர்கள். எழுதும்போது எனக்கு அது தெரியவில்லை. பின்னணி விவரம் இருந்தால் குழுவுக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்திருப்பேன். இன்றைக்குப் படித்துப் பார்த்தபோது கொஞ்சம் நீளமாகிவிட்டதாகத்தான் எனக்கும் பட்டது.

மனுவை எழுதியவன் நான். இன்னொருவர் பெயரில் அனுப்பியவன் நான். பதிவேட்டுப் பக்கத்தை வெளியே கொடுத்தவன் நான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன். எந்த மதத்தின்மேலும் எனக்கு அன்றைக்கும் துவேஷம் இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை. இதை எந்த நூலின்மேல் வேண்டுமானாலும் கை வைத்துச் சொல்லத் தயார்.

உங்களில் இளையவர் கேட்ட கடைசிக் கேள்விக்கு மட்டும் நேற்று நான் பதில் சொல்லவில்லை. அன்று ஆத்மநாதன் பைபிளை விட்டுவிட்டுக் கீதையின்மேல் கை வைத்திருந்தால், அவரைத் தலைவராக ஏற்று அவர்முன் தலை குனிந்திருப்பீர்களா என்று கேட்டார். இரவெல்லாம் யோசித்தேன். கேட்டபிறகு மறைப்பது நம் வழக்கம் இல்லை. அப்படி நடந்திருந்தால் நான் வேறொரு உண்மையைத் தேடவேண்டியிருந்திருக்கும்.